கோரைத்துறைக் குழாயடி

இந்தக் காலத்துச் சனத்துக்கு ஆளிடம் வாய் திறந்து கேட்கிற பழக்கம் செத்துப்போய்விட்டது. ஒருவன் எந்த ஊர், என்ன வேலை செய்தவன், ஏன் இப்படி நடக்கிறான் என்று அறிய வேண்டுமானால், அவனோடு ஒரே ஊரில் பிறந்து ஒரே பக்டரியில் வேலை செய்தவன் இரண்டு தெரு தள்ளி உயிரோடு இருக்கிறான், அவனிடம் கேட்கமாட்டார்கள். போனைத் தட்டுவார்கள். போன் சொன்னதைக் கடதாசியில் அடித்து எடுத்துவந்து, "இது சரியா மாமா?" என்று கடைசியில் கேட்பார்கள். கையெழுத்து வாங்க வருகிறவர்கள் போல.

சயந்தினி அப்படித்தான் வந்தாள். நவரத்தினத்தின் மகள். ஹோர்சன்ஸ் பட்டணத்தில் பெரிய வேலை. வைகாசி மாதத்துச் சனிக்கிழமை, நான் பின்வளவில் உருளைக்கிழங்குக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தேன். சப்பாத்தோடு மண்ணுக்குள் நின்றபடி வாசித்தாள். டெனிஷில் எழுதியதைத் தமிழாக்கித் தட்டித் தடவி வாசித்தாள்.

"கோரைத்துறை. வெப்பமண்டலத் தீவு மாகாணத்திலை இருக்கிற சின்னக் கரையோரப் பட்டினசபை. பரப்பு நாலரைச் சதுர கிலோமீற்றர். ஆறு வட்டாரம். முக்கியமான தொழில் மீன்பிடி. ஒரு வெளிச்சவீடு, ஒரு இறங்குதுறை, மூண்டு கோயில், ஒரு சேர்ச். கடற்கரை அழகானது. அவ்வளவுதான் மாமா கிடைச்சது. சரியோ?"

"பிழையில்லை. ஆனா இதிலை ஆக்கள் எங்கை பிள்ளை?"

"பொப்புலேஷன் கீழை போட்டிருக்கு."

நான் மண்வெட்டியை ஊன்றி வைத்தேன். "இது ஆருக்கு?"

"அப்பாவின்ரை பிளையஹெமுக்கு, முதியோர் இல்லத்துக்கு. அங்கை இருக்கிற ஒவ்வொருத்தருக்கும் வாழ்க்கைக் கதை எண்டு ஒரு போர்ம் நிரப்ப வேணும். நாங்கள் முந்தி ரெண்டு வரிதான் எழுதினது. இப்ப பிரச்சினை வந்தபடியாலை வடிவா எழுதித் தரச் சொல்லினம்."

பிரச்சினை என்னவென்று எனக்கு அவள் சொல்லித்தான் தெரியும். நவத்தை நான் போய்ப் பார்த்தே மூன்று மாதம். உண்மையைச் சொன்னால் போகப் பிடிக்கவில்லை. ஆறு வருடம் சின்னப்பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவன், இந்தக் கிரின்ஸ்டெட் பக்டரியில் இருபத்துநாலு வருடம் என்னோடு ஒரே ஷிப்டில் நின்றவன், என்னைப் பார்த்து "நீங்கள் ஆர்?" என்று கேட்டால் எப்படி இருக்கும்? அவன் வேண்டுமென்றே செய்கிறான் என்றுதான் எனக்கு ஒரு எண்ணம். அந்தக் குணம் அவனுக்கு முந்தியும் உண்டு.

சங்கதி இதுதான். மூன்று வருடமாக அவனுக்கு ஞாபகம் போய்க்கொண்டிருந்தது. போன மாரியில் கிரின்ஸ்டெட்டிலேயே முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். அங்கே அவன் மற்றவர்களுடைய அறைகளுக்குள் போகிறான். எதையும் எடுப்பதில்லை. குளியலறைக்குள் போய்த் தண்ணீரைப் பூட்டுகிறான். போன கிழமை ஒரு டெனிஷ் கிழவி தலையில் சவர்க்காரத்தோடு நிற்க, இவன் உள்ளே போய்த் தண்ணீரை நிறுத்திவிட்டு, அவளைப் பார்த்துக் கத்தியிருக்கிறான். அவள் பயத்தில் வழுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டாள்.

"வெள்ளிக்கிழமை மீற்றிங். அப்பாவைப் பூட்டின பிரிவுக்கு மாத்தப் போகினம். அது இங்கை இல்லை. காரிலை ஒரு மணித்தியாலம்."

"அப்ப சுசீலா?"

அவள் கடதாசியை நாலாக மடித்தாள். சொல்ல என்ன இருக்கிறது? தாய் சுசீலாதேவிக்குக் கார் ஓடத் தெரியாது. தினமும் பதினொன்றரைக்குப் புட்டும் மீன்குழம்பும் கட்டிக்கொண்டு, பஸ் இருந்தால் பஸ்ஸில், இல்லாவிட்டால் நடந்து, அந்த இல்லத்துக்குப் போகிறவள். அவள் ஊட்டினால் தவிர அவன் மத்தியானம் வாய் திறப்பதில்லை. பூட்டின பிரிவு இருக்கிற ஊருக்குப் போவதென்றால் இரண்டு பஸ் மாற வேண்டும், சனி ஞாயிறில் ஒன்றுமேயில்லை.

"நானும் வாறன் மீற்றிங்குக்கு," என்றேன்.

சயந்தினிக்கு அது பிடிக்கவில்லை. என் வாயை அவளுக்குத் தெரியும். ஆனாலும் "சரி மாமா" என்றாள்.

வெள்ளிக்கிழமை சுசீலாவையும் ஏற்றிக்கொண்டு போனேன். காருக்குள் மடியில் சாப்பாட்டுப் பையை அணைத்தபடி இருந்தாள். சூடைமீன் குழம்பு மணத்தது. இங்கே சூடை ஏது? பெட்டியில் வருகிற ஏதோ சின்ன மீன். ஆனால் அவள் கைக்கு அது சூடையாகிவிடும்.

"அண்ணை, அங்கை கனக்கக் கதைக்காதேங்கோ. அவையள் படிச்ச ஆக்கள்," என்றாள்.

"படிச்சவன் தானே மேசை குடுத்தவன்?"

மேசைக் கதையை அவள்தான் எனக்குச் சொல்லியிருந்தாள். பிள்ளைகள் முதலில் எழுதிக் கொடுத்த இரண்டு வரியில் ஒன்று, 'ஊரில் கொம்மூனவில் வேலை செய்தவர்' என்பது, பட்டினசபையைத்தான் அப்படி எழுதியிருந்தார்கள். டெனிஷ்காரனுக்குக் கொம்மூன என்றால் கந்தோர். பழைய வேலையை ஞாபகப்படுத்தினால் மனம் அமைதியாகும் என்று ஜன்னலோரம் ஒரு மேசை போட்டு, கடதாசிக்கட்டு, பேனை, றப்பர் முத்திரை எல்லாம் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். நவம் அந்த முத்திரையைத் தூக்கி ஜன்னலுக்கு எறிந்தான். கதிரையில் பிடித்து இருத்த இருத்த எழும்பி ஓடினான். எழுத்து வேலை அவனுக்குப் பழக்கமே இல்லை என்று யாருக்கும் தெரியவில்லை. என்னைவிட்டால் தெரிந்தவள் ஒருத்தி. அவள் என் பக்கத்தில் குழம்பை அணைத்தபடி இருந்தாள்.

மீற்றிங் கோப்பி அறையில். டெனிஷ்காரன் எந்தக் கெட்ட செய்தியையும் கோப்பியும் கேக்கும் வைத்துத்தான் சொல்வான். இல்லத்தின் பொறுப்பாளர் ஸ்ரிபன், நாற்பது வயது இருக்கும், நெட்டையன், நல்ல மனிதன்தான். குரலை உயர்த்தமாட்டான். குரலை உயர்த்தாதவர்களிடம் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பயம். நவத்தைப் பார்க்கிற கிளோறியா மூலையில் இருந்தாள். பிலிப்பைன்ஸ்காரி, குட்டை, வெள்ளைச் சப்பாத்து.

ஸ்ரிபன் சயந்தினியின் கடதாசியை வாசித்தான். நாலரைச் சதுர கிலோமீற்றர், ஆறு வட்டாரம், வெளிச்சவீடு. வாசித்துவிட்டு, "அழகான இடம் போல" என்றான். பிறகு, மற்றவர்களின் பாதுகாப்பு, விழுந்த அம்மாவின் குடும்பம், பூட்டிய பிரிவில் அனுபவமுள்ள ஆட்கள் என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டு போனான். அடுத்த மாதம் முதலாம் திகதி. சயந்தினி தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். சுசீலா டெனிஷ் விளங்காதவள் போல இருந்தாள். அவளுக்கு நன்றாக விளங்கும்.

நான் கோப்பியை வைத்தேன்.

"பிள்ளை, நான் சொல்லுறதை அவருக்குச் சொல்லு. உன்ரை கொப்பர் ஒஃபிசர் இல்லை."

"மாமா?"

"பட்டினசபையிலை வேலைதான். கந்தோருக்குள்ளை இல்லை. குழாயடியிலை. தண்ணி திறந்து பூட்டினவன்."

சுசீலா மேசைக்கடியில் என் காலை மிதித்தாள். அந்த வயதிலும் நல்ல மிதி.

"அண்ணை, சும்மா இருங்கோ."

"என்னத்துக்குச் சும்மா இருக்க?"

"எங்கட சம்பந்தி வீட்டிலையும் அப்பிடித்தான் சொல்லியிருக்கு. நாப்பது வருஷமாக் காப்பாத்தின கதை."

"கதையைக் காப்பாத்தப் போறியோ, மனிசனைக் காப்பாத்தப் போறியோ? முடிவெடு."

சயந்தினி தாயைப் பார்த்தாள். "அம்மா, அப்பா சபையிலை ஒஃபிசர் எண்டுதானே சொன்னவர்? கையிலை திறப்புக்கோர்வையோட நிக்கிற படம்கூட இருக்கு."

"அது கந்தோர்த் திறப்பில்லை," என்றாள் சுசீலா. அவ்வளவுதான் சொன்னாள். ஆனால் காலை என் காலில் இருந்து எடுத்துவிட்டாள்.

பிறகு நான் சொன்னேன். சயந்தினி சொல்லுக்குச் சொல் டெனிஷில் மாற்றிக்கொண்டிருந்தாள். பாதியில் அவள் மாற்றுவதை மறந்துபோய்க் கேட்டுக்கொண்டிருந்தாள், ஸ்ரிபன்தான் அவள் கையைத் தொட்டு ஞாபகப்படுத்தினான்.

கோரைத்துறையில் கிணறு தோண்டினால் உப்பு. தேத்தண்ணீரில் பால் விட்டால் திரைந்துபோகும். மூன்று பக்கமும் கடல், நடுவில் தாகம். தீவின் நடுவே மூன்று மைல் தள்ளி ஒரு நல்ல கிணறு இருந்தது. அங்கேயிருந்து சபையின் பவுசர் லொறி தண்ணீர் கொண்டுவந்து சந்தைக்குப் பக்கத்தில் இருந்த சீமெந்துத் தாங்கியில் நிரப்பும். தாங்கியைச் சுற்றி ஆறு பித்தளைக் குழாய். வட்டாரத்துக்கு ஒன்று. அந்த ஆறுக்கும் ராசா நவரத்தினம். இருபது வயதில் வேலைக்குப் போனவன். அரைஞாணில் குழாய்ச் சாவிகள் தொங்குகிற திறப்புக்கோர்வை, கழுத்தில் விசில்.

விடியப்புறம் ஐந்து மணிக்கு முதல் மூன்று வட்டாரத்துக்கும், பின்னேரம் மிச்ச மூன்றுக்கும் திறப்பான். ஆனால் விடியத் தண்ணீருக்கு முதல்நாள் பின்னேரமே வரிசை தொடங்கிவிடும். ஆள் நிற்காது. கல்லு, உடைந்த கூடை, ஒற்றைச் செருப்பு, எண்ணெய்த் தகரம், எல்லாம் வரிசையில் இருக்கும். எந்தக் கல் எந்த வீட்டுக் கல் என்று அவனுக்குத் தெரியும். ஒருமுறை ஒருத்தி கல்லை முன்னுக்கு நகர்த்திவிட்டாள் என்று, அந்தக் கல்லைத் தூக்கிக் கடலுக்குள் எறிந்துவிட்டான். அவள் சந்தை நடுவில் நின்று அவனுடைய ஏழு தலைமுறையையும் பேசினாள். அவன் விசிலை ஊதினான். அதுதான் பதில்.

பிள்ளை பிறந்த வீட்டுக்கு வரிசையில்லை. செத்த வீட்டுக்கு வரிசையில்லை. வேறு எந்தக் கொம்பனுக்கும் விலக்கில்லை. சபைத் தலைவருடைய வேலைக்காரியும் கல் வைத்துத்தான் எடுத்தாள். சோளகக் காற்றில் மணல் வாரி அடிக்கும், தாங்கிக்கு ஓலை போட்டு மூடி அந்த ஓலைக்கு மேலே ஏறிக் குந்தியிருப்பான், பறக்காமல். வாடை தொடங்கிவிட்டால் வள்ளம் இறங்காது, ஆம்பிளையளும் குடத்தோடு வந்து நிற்பார்கள். அப்போது குழாயடிதான் ஊரின் சபை. யாருக்கு வலை அறுந்தது, யார் வீட்டில் பெண் பார்க்க வந்தார்கள், யாருடைய மகன் கப்பலுக்குப் போகிறான், எல்லாம் அங்கேதான். ஈரச் சேலை, புகையிலை மணம், சந்தையில் இருந்து வருகிற கருவாட்டு நாற்றம். இப்போது நினைத்தால் நாற்றமாகத் தெரியவில்லை.

"என்ரை வீட்டுத் தண்ணியிலையும் பிழை பிடிச்சவன்," என்றேன். "அம்மா மூண்டாவது குடம் கேட்டதுக்குத் திருப்பி அனுப்பினவன். பள்ளிக்கூடத்திலை பக்கத்திலை இருந்தவன்ரை தாய் எண்டும் பார்க்கேல்லை. அதுக்காக நான் அவனோடை ரெண்டு வருஷம் கதைக்கேல்லை. ஆனா ஒண்டு சொல்லவேணும். கண்ணை மூடிக்கொண்டு நிப்பான். குடத்துக்குள்ளை தண்ணி விழுற சத்தம் மாறிக்கொண்டு வரும். வாய்க்கு ஒரு விரற்கடை இருக்கேக்கை பூட்டுவான். ஒரு சொட்டு நிலத்திலை விழாது. 'காணும்' எண்டுவான். தண்ணி சும்மா ஓடுற சத்தம் அவனுக்குக் கேக்கக்கூடாது. கேட்டால் விசர் வரும்."

சயந்தினி அதைச் சொல்லி முடித்தாள். அடுத்த பக்கத்துச் சமையலறையில் யாரோ பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் ஓடிக்கொண்டேயிருந்தது. ஸ்ரிபன் திரும்பிச் சுவரைப் பார்த்தான். எழும்பிப் போய் அந்தக் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

கிளோறியாதான் முதலில் வாய் திறந்தாள். அவளுடைய டெனிஷ் என்னுடையதைப்போல உடைந்தது, அதனால் எனக்கு விளங்கும்.

"எங்கள் ஊரும் சின்ன ஊர். தீவு, கடற்கரை. ஒரு மேயர், ஒரு சந்தை, ஒரு இறங்குதுறை. புயல் அடித்தால் பைப் உடையும், லொறியில் தண்ணீர் வரும். லொறிக்காரன் பெயர் இன்னும் ஞாபகம் இருக்கிறது. மேயர் பெயர் மறந்துவிட்டது." அவள் சிரிக்கவில்லை. "இவருக்கு மேசை வேண்டாம் ஸ்ரிபன். இவருக்குக் குழாய் கொடுங்கள்."

"எந்தக் குழாய்?"

"தோட்டத்தில் இருக்கிறதே, திறப்புப் போட்டுத் திறக்கிறது."

ஸ்ரிபன் யோசித்தான். டெனிஷ்காரன் யோசிக்கத் தொடங்கினால் கேக் முடிந்துவிடும். கடைசியில், இரண்டு கிழமை பார்ப்போம், மாற்றுகிற கடதாசியை அதுவரை அனுப்பமாட்டேன் என்றான். அறைகளுக்குள் ஒருமுறை போனாலும் முடிவு பழைய முடிவுதான்.

வெளியே வரும்போது சுசீலா எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள்.  வீட்டு வாசலில் இறங்கும்போது, "அந்தத் திறப்புக்கோர்வையை நான் எறியேல்லை அண்ணை. அரிசிப் பேணிக்குள்ளை கிடக்கு," என்றாள்.

அந்தக் கோர்வையில் அவர்கள் தோட்டக் குழாய்த் திறப்பைக் கோத்துக் கொடுத்தார்கள். கிளோறியா எங்கிருந்தோ எனாமல் சாடிகள் தேடி எடுத்தாள். காலை எட்டு மணி, பின்னேரம் நாலு மணி. அறைகளில் குளிக்க வார்க்கிறதை அவன் தோட்டத்தில் நிற்கிற நேரத்துக்கு மாற்றினார்கள், சத்தம் அவனுக்குக் கேட்காதபடி. இது கிளோறியாவின் யோசனை. முதல்நாள் அவன் திறப்பைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றானாம். இரண்டாம் நாள் கால்சட்டைப் பட்டியில் தானே கட்டிக்கொண்டானாம். நாலாம் நாள் யாரோ ஒரு கிழவன் வரிசையை மீறி முன்னுக்கு வர, சாடியைப் பிடுங்கிப் பின்னுக்கு வைத்தானாம். ஸ்ரிபன் பயந்துபோனான். அந்தக் கிழவன் விழுந்து விழுந்து சிரித்துவிட்டுப் பின்னுக்குப் போய் நின்றானாம். பழைய பண்ணைக்காரன், அவனுக்கு ஒழுங்கு பிடித்திருக்கிறது.

இதெல்லாம் சுசீலா போனில் சொன்னது. நான் நம்பவில்லை. நல்ல செய்தியைப் போனில் யாரும் சொல்லலாம். பதினாலாம் நாள் காலை நானே போனேன்.

நல்ல வெயில். புல்லில் பனி காயவில்லை. சிவப்புக் கல் சுவரோரம் குழாய், அதற்குப் பக்கத்தில் நவரத்தினம், இஸ்திரி போட்ட வெள்ளைச் சேட்டு, நிமிர்ந்து நின்றான். நான் அப்படி அவனைப் பார்த்து எத்தனை வருடம். எதிரே ஏழு எட்டுப் பேர். சக்கரக் கதிரையில் ஒருத்தி மடியில் சாடியோடு. மணிக்கட்டில் கட்டுப் போட்ட கிழவியும் நின்றாள், நல்ல கையில் பூவாளி. ஸ்ரிபன் கோப்பிப் பாத்திரத்தோடு கடைசியில் நின்றான், தலைவரென்று முன்னுக்கு வரவில்லை. அது எனக்குக் கொஞ்சம் பிடித்தது.

நவம் கண்ணை மூடினான். சாடிக்குள் தண்ணீர் விழுந்தது. சத்தம் ஏறி ஏறி வந்தது. விரற்கடை இருக்கப் பூட்டினான்.

"காணும்."

கட்டுப் போட்ட கிழவி, "கானும்" என்று திருப்பிச் சொல்லிவிட்டு ரோசாவுக்கு ஊற்றப் போனாள்.  

எல்லோரும் போனபிறகு ஸ்ரிபன் என்னிடம் வந்தான். பதினாலு நாளும் அறைகளுக்குள் போகவில்லை, மாற்றுகிற கதையை இப்போதைக்கு நிறுத்திவைத்திருக்கிறோம் என்றான்.

"இப்போதைக்கு எண்டால்?"

"இப்போதைக்கு."

"பனி தொடங்கினால் வெளிக்குழாயைப் பூட்டுவீங்கள். பைப் வெடிக்கும் எண்டு. அப்ப?"

அவன் அதை யோசித்திருக்கவில்லை. முகத்தில் தெரிந்தது. "ஏதாவது கண்டுபிடிப்போம்," என்று என் தோளில் தட்டினான். ஏதாவது கண்டுபிடிப்போம் என்று சொன்ன எத்தனை பேரை இந்த நாட்டில் பார்த்துவிட்டேன்.

நான் ஒரு சாடியை எடுத்துக்கொண்டு நவத்திடம் போனேன். கிட்டப் போய் மெல்லக் கேட்டேன்.

"டேய் நவம், உண்மையைச் சொல்லு. இது கோரைத்துறை எண்டு நினைக்கிறியோ? இல்லாட்டி எல்லாரையும் பேய்க்காட்டுறியோ?"

அவன் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வை தெளிவாகத்தான் இருந்தது, சத்தியம் பண்ணுவேன்.

"விசரே உனக்கு? கோரைத்துறையிலை எங்கையடா ரோசா?" குரலைத் தாழ்த்தினான். "இதுகள் எல்லாற்றை அறைக்குள்ளையும் பைப் இருக்கு. சுடுதண்ணியும் வருது, நான் பார்த்தனான். அப்பிடியிருந்தும் விடிய வந்து வரிசையிலை நிக்குதுகள். என்ன குறையோ தெரியேல்லை. பாவங்கள். திருப்பி அனுப்பேலுமே?"

 அப்படியானால் என்னைத் தெரிகிறதா, இவ்வளவு நாளும் தெரிந்ததா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவன் என் சாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"நீங்கள் எந்த வட்டாரம்?"

"நவம், நான் குணராசா."

"வட்டாரத்தைச் சொல்லுங்கோ ஐயா."

"ஆறு."

"ஆறாம் வட்டாரத்துக்குப் பின்னேரம். இப்ப நிக்க வேண்டாம். போட்டு வாங்கோ."

திறப்பைக் கழற்றிப் பட்டியில் கொழுவிக்கொண்டு முதுகைத் திருப்பினான்.

தோட்டத்து வாங்கில் கனநேரம் குந்தியிருந்துவிட்டு நான் வெளிக்கிட, வாசலில் சுசீலா சாப்பாட்டுப் பையோடு வந்துகொண்டிருந்தாள். நடந்து வந்திருக்கிறாள், முகமெல்லாம் வேர்வை.

"என்ன அண்ணை கதைச்சவர்? உங்களைத் தெரிஞ்சதோ?"

"பின்னேரம் வரட்டாம்."

அவள் சிரித்தாள். பல்லுத் தெரியச் சிரித்தாள். "அப்ப நாலு மணிக்கு வாங்கோவன்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள், அவசரமாக, புட்டு ஆறிவிடும் என்று.

வருவதாக நான் சொல்லவில்லை. ஸ்ரிபனுடைய இப்போதைக்கு எத்தனை நாள் என்று எனக்குத் தெரியாது. ஐப்பசியில் அந்தக் குழாயைப் பூட்டிச் சாக்குச் சுற்றிவிடுவார்கள், அதற்குப் பிறகு அவன் எங்கே நிற்பான் என்று ஒருவருக்கும் தெரியாது. அவனுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பதும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஸ்ரிபனின் சொல்லிலும் நவத்தின் ஞாபகத்திலும் நம்பிக்கை இல்லாமல், வெறும் சாடியைக் கையில் பிடித்தபடி கார் நிற்கிற பக்கம் நடந்தேன்.